தராசுக்காரரின் நான்கு கவர்கள்

தக்காளி வாங்கும்போது ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்க்கிற மனிதர்கள், தங்கள் தொழிலின் மொத்தக் கணக்கையும் ஒப்படைக்கப்போகிற ஆளிடம் “எவ்வளவு ஆகும், கொஞ்சம் பாத்துப் போட்டுக்குங்க” என்பதைத் தவிர ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக நான் பதிவு பெற்ற வரி ஏஜென்ட். சின்னக் கடைகள், ஒற்றை ஆள் தொழில்கள், இரண்டு பேர் சேர்ந்து ஆரம்பித்து ஒருவர் மட்டும் மிஞ்சிய கம்பெனிகள், இவர்களுடைய கணக்கை எழுதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி அலுவலகத்துக்கு அனுப்புவது என் பிழைப்பு. உங்கள் பதிவு எண் என்ன என்று என்னிடம் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். யாரும் படித்ததில்லை. ஒருவர் அதில் குடையைத் தொங்கவிட்டார்.

கேட்க வேண்டியதை எல்லாம் முறையாகக் கேட்ட ஒரே ஆள் தராசுக்காரர்தான். அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நடுவில் எனக்குக் கோபம் வரும், கண்டுகொள்ள வேண்டாம்.

அந்த வருஷம் வரி அலுவலகம் ஒரு புது விதி கொண்டுவந்தது. அதுவரை சிறு தொழில் செய்கிறவர்கள் காலாண்டுக் கணக்கைத் தாங்களே அனுப்பலாம், இல்லையென்றால் வீட்டில் விவரம் தெரிந்த யாராவது அனுப்பலாம். இனிமேல் பதிவு பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான் அனுப்ப வேண்டும், தப்பு வந்தால் ஏஜென்ட்டும் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். விதி வந்த வாரமே என் படிக்கட்டில் கூட்டம். என் ஆபீஸ் டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை. வருகிறவர்களை எல்லாம் உட்காரவைத்துப் பேசிப் பேசித் தொண்டை வறண்டு போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் வந்தார்.

ஐம்பத்தெட்டு வயது இருக்கும். ஒல்லி. சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். கையில் மரப்பெட்டி. உட்கார்ந்ததும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். கீழே வைக்கச் சொன்னேன். “எடைக்கல் மேடம், இடிபடக் கூடாது” என்றார். கடைகளில் இருக்கிற தராசுகளையும் எடை மெஷின்களையும் ரிப்பேர் செய்து, சோதித்து, சரியாகக் காட்டுகிறது என்று சீட்டு ஒட்டுவது அவர் தொழில். கடை கடையாகப் போவார். இருபது கிராம் அமுக்குகிற கடைக்காரர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

“வீட்டுல சில கேள்வி எழுதிக் குடுத்திருக்காங்க. கேக்கலாமா?” என்றார்.

நான்காக மடித்த தாளைப் பிரித்தார். சாய்ந்த, அழகான கையெழுத்து. அதைப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வரிவரியாகப் படித்தார். முதல் கேள்வி, பதிவு எண். நான் சுவரைக் காட்டினேன். அவர் பெட்டியோடு எழுந்து போய் ஒவ்வொரு இலக்கமாகத் தாளில் எழுதிக்கொண்டு, மறுபடி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தார். கூலி மணிக்கணக்கா, காலாண்டுக் கணக்கா. வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் பதில் எழுதுவது யார், அதற்குத் தனிக் கூலியா. தாள்களை எங்கே வைத்திருப்பீர்கள். நாளைக்கே வேறு ஏஜென்ட்டிடம் போகிறேன் என்றால் எல்லாவற்றையும் முறைக்காமல் திருப்பித் தருவீர்களா. ‘முறைக்காமல்’ என்றே எழுதியிருந்தது, நான் எட்டிப் பார்த்தேன்.

நடுவில் ஒரு கேள்விக்கு மட்டும் மென்று முழுங்கினேன். நீங்கள் நோயில் படுத்துவிட்டால் யார் பார்ப்பார்கள் என்பது அது. கணக்கைப் பார்க்க அடுத்த தெருவில் ஓர் ஏஜென்ட்டிடம் சொல்லிவைத்திருக்கிறேன் என்றேன். என்னைப் பார்க்க யார் என்று தாளில் இல்லை. நல்லவேளை.

இப்படிக் கேள்வி எழுதத் தெரிந்த அந்த வீட்டுக்காரம்மா மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. தாளை மடித்துப் பைக்குள் வைத்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

“இது தாள்ல இல்ல. நானா கேக்கறேன்” என்றார். “கணக்கு இப்ப எழுதறவங்களே எழுதட்டும். நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பினா மட்டும் போதும். முழுக் கூலியும் தந்துடறேன்.”

“முடியாது சார்.”

“அவங்க ரொம்பச் சரியா எழுதுவாங்க.”

“எழுதட்டும். நான் எழுதாத கணக்குல என் நம்பர் போகாது.”

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மரக்கடைக்காரருக்கு அவர் மச்சான் எழுதிய கணக்கை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். மச்சான் என் காதில் முழம் முழமாகப் பூ சுற்றியிருந்தான். இரண்டு வருஷம் வரி அலுவலகப் படியேறி இறங்கினேன், பதிவே போயிருக்கும், மயிரிழையில் தப்பினேன். அன்றிலிருந்து மச்சான் எழுதினாலும் சரி, மாமனார் எழுதினாலும் சரி, அடுத்தவர் எழுதிய கணக்கைத் தொடுவதில்லை.

“நீங்க ஒவ்வொரு வரியும் சரிபாத்துக்கலாம் மேடம்” என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

“சார், வேற யாராவது ஒத்துப்பாங்க. போய்க் கேட்டுப் பாருங்க” என்றேன். முகத்தில் அடித்தாற்போல்தான் சொன்னேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் படி இறங்கினார்.

எட்டு நாள் கழித்துத் திரும்ப வந்தார்.

“இன்னும் ரெண்டு பேரைப் பாத்தேன். ஒருத்தர் எல்லாம் கம்ப்யூட்டர்லயே நடக்கும், நீங்க வரவே வேண்டாம், பேசவே வேண்டாம்னார். இன்னொருத்தர், யார் எழுதினா என்ன, கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடறேன்னார்.”

“அப்ப அவர்கிட்டயே போக வேண்டியதுதானே. நீங்க கேட்டது அதைத்தானே.”

“நானும் அதான் சொன்னேன். வீட்டுல ஒத்துக்கல. மூணு பேர்ல யாரு முடியாதுன்னு சொன்னாங்களோ அவங்ககிட்ட போங்கன்னுட்டாங்க.”

கேஸ் தோற்றவர் மாதிரிச் சொன்னார். நல்ல ஏஜென்ட் கிடைத்ததற்கு ஒரு மனுஷன் இப்படியா முகத்தைத் தொங்கப்போடுவான் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒப்பந்தத் தாளை நீட்டினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டு தடவை பேனாவை மூடித் திறந்தார்.

புது ஆளைச் சேர்த்தால் அவருடைய கருவிகளை நேரில் பார்த்துப் பட்டியல் எடுப்பது என் வழக்கம். அந்தச் சனிக்கிழமை அவர் கடைக்குப் போனேன். முன்னறைதான் கடை. சுவரோரம் நீளமான மர மேஜை, அதன்மேல் குடல் பிடுங்கிக் கிடக்கிற எடை மெஷின்கள், ஒரு மூலையில் பழைய தட்டுத் தராசுகள். ஒரு கிராம் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கப் போனேன், பதறிவிட்டார். விரல் பட்டால் வியர்வை ஒட்டி எடை கூடிவிடுமாம். நுனியில் தோல் வைத்த இடுக்கியால் எடுத்து, துணியில் வைத்துக் காட்டினார்.

பின்னறைதான் வீடு. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஆணியில் நான்கு பெரிய காக்கிக் கவர்கள் தொங்கின. வாங்கியது, விற்றது, பயணம், மற்றவை என்று அதே சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தது. ஃப்ளாஸ்க்கிலிருந்து எனக்கு டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர் ஃப்ளாஸ்க் மூடியில் ஊற்றிக் குடித்தார்.

“வீட்டுல இல்லையா?” என்று கேட்டேன், கேள்வித்தாள் எழுதிய அம்மாவைப் பார்க்கிற ஆசையில்.

“வீட்டுலதான் இருக்காங்க” என்றார். “அவங்க வீட்டுல.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆனால் அவர் கோபப்படவில்லை, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். பிரிந்து பதினாலு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. சண்டையும் இல்லை.

“நான் கடையில பேசுவேன் மேடம். வீட்டுக்கு வந்தா வார்த்தை வராது. அவங்க பேசிட்டே இருப்பாங்க, நான் ம் கொட்டிட்டு இருப்பேன். சில நாள் அதுவும் கிடையாது. ஒரே வீட்டுல தனியா இருக்கறதுக்கு, தனி வீட்டுலயே தனியா இருந்துக்கறேன்னு ஒரு நாள் கிளம்பிட்டாங்க.”

பஸ்ஸில் நாலு மணி நேரம் போகிற ஊரில், ஓர் அச்சகத்தில் அவளுக்குக் கணக்குப் பிரிவில் வேலை. போகும்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவள் கணக்கை மட்டும் விடவில்லை. ‘நீங்க எழுதினா உள்ள போயிடுவீங்க’ என்றாளாம். காலாண்டு முடிந்ததும் நான்கு கவரையும் இவர் தபாலில் அனுப்புவார். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவளிடமிருந்து போன் வரும். கவரில் இருக்கிற சந்தேகங்களைக் கேட்பாள். ஏஜென்ட் விஷயத்துக்கும் கேள்வித்தாளைத் தபாலில் அனுப்பிவிட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று அவளேதான் போன் போட்டுக் கேட்டாளாம்.

“அரை மணி ஆகும். சில தடவை ஒரு மணி கூட ஆகும். அவங்க கேப்பாங்க, நான் சொல்லுவேன். பில் பத்தின்னா எனக்கு வார்த்தை வரும்” என்றார். “ஒரு தடவை மழைக்கோட்டு பில் ஒண்ணு. தொழிலுக்கா சொந்தத்துக்கான்னு கேட்டாங்க. ரெண்டுக்கும்தான்னேன். எங்க நனைஞ்சீங்கன்னு கேட்டாங்க. அது போச்சு நாப்பது நிமிஷம்.”

சிரித்தார். அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். பிறகு ஃப்ளாஸ்க் மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “வருஷத்துக்கு நாலு தடவை. இனிமே சந்தேகம் எல்லாம் உங்களுக்குத்தானே வரும்” என்றார்.

பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. கறாராக இருக்கிறேன் பேர்வழி என்று ஒரு மனுஷன் கையில் மிச்சமிருந்த நாலு ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிவிட்டேன். அந்தச் சனிக்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

பழைய கணக்கை ஒப்படைப்பதற்காக அவள் அனுப்பிய பார்சல் அடுத்த வாரம் வந்தது. ஐந்து வருஷக் கணக்கு, காலாண்டுக்கு ஒன்றாக இருபது நோட்டு. இவ்வளவு சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை, பொறாமையாகவே இருந்தது. ஒவ்வொரு நோட்டிலும் கடைசிக்கு முந்தின பக்கத்தில், கணக்கை வரி அலுவலகத்துக்கு அனுப்பியதற்கான ஒப்புகைச் சீட்டு, தேதியோடு. கடைசிப் பக்கத்தில் ‘அவரிடம் கேட்க வேண்டியது’ என்று தலைப்பு, கேட்ட தேதி, கீழே கேள்வியும் பதிலும்.

மருந்துக் கடை ரசீது ஏன் பயணக் கவரில்? யாருக்கு உடம்பு? — எனக்குத்தான், இருமல், இப்போது பரவாயில்லை. ஒரே நாளில் ஒரே கடையில் இரண்டு காபி, கூட யார்? — யாரும் இல்லை, ஒன்று ஆறிவிட்டது, வேறு வாங்கினேன். மூக்குக் கண்ணாடி பில், பவர் எவ்வளவு கூடியிருக்கிறது? — கொஞ்சம்தான்.

வரி அலுவலகத்தில் எவன் இதைக் கேட்கப்போகிறான் என்று சிரித்துக்கொண்டே புரட்டினேன். நாலாவது நோட்டில்தான் உறைத்தது. ஒப்புகைச் சீட்டில் பன்னிரண்டாம் தேதி. கேள்வி கேட்டது பதினாறாம் தேதி. முதலிலிருந்து திரும்பிப் பார்த்தேன். இருபது நோட்டிலும் அப்படியே. கணக்கை அனுப்பி முடித்த பிறகுதான் சந்தேகம் கேட்டிருக்கிறாள்.

ஒப்படைப்பில் எது புரியாவிட்டாலும் எழுதியவரிடம் கேட்க வேண்டியது என் கடமை. போன் போட்டேன்.

“மேடம், ஒவ்வொரு தடவையும் கணக்கை அனுப்பிட்டு அப்புறமா சந்தேகம் கேட்டிருக்கீங்க. இது என்ன முறைன்னு எனக்குப் புரியல.”

அந்தப் பக்கம் அச்சு மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது.

“பில்லைப் பாத்தாலே அது எந்தக் கவர்ல போகணும்னு எனக்குத் தெரிஞ்சுடும்” என்றாள்.

“அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?”

“கேக்கலைன்னா அவர் பேச மாட்டாரே மேடம்.”

“அப்ப நீங்களே எழுதுங்க. நான் வரிக்கு வரி சரிபாத்து அனுப்பறேன்” என்றேன். ஒன்பது வருஷமாகப் பிடித்த பிடியை இப்படி ஒரு வாக்கியத்தில் விட்டுவிட்டேனே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“வேண்டாம் மேடம். பதினாலு வருஷமும் நானாத்தான் கூப்பிட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவரா கூப்பிடுவாரான்னு பாத்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு ஆபரேஷன் ஆச்சு. அவர்கிட்ட சொல்லல. அந்த முறை மூணு வாரம் தள்ளித்தான் கூப்பிட்டேன். ஏன் லேட்டுன்னு ஒரு வார்த்தை கேக்கல. நேரா பில்லைப் பத்திப் பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டார்.” நிறுத்தினாள். “நானா நிறுத்த எனக்கு மனசு வரல. விதி வந்து நிறுத்திடுச்சு, நல்லதுதான். நீங்க முடியாதுன்னு சொன்னதும் நல்லதுதான். இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

சொல்ல மாட்டேன் என்றேன். என் தொழிலில் வாக்குக் கொடுத்தால் மீற முடியாது.

காலாண்டு முடிந்தது. தராசுக்காரர் நான்கு கவரையும் நேரில் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிரித்து உட்கார்ந்தேன். மருந்துக் கடை ரசீது வந்தால் போன் பண்ணிக் கேட்பது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தேன். மழைக்கோட்டு வந்தால் எங்கே நனைந்தீர்கள் என்று நானும் கேட்கலாம், கேட்டால் என்ன.

ஒன்றும் வரவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். வாங்கியதில் வாங்கியது மட்டும், பயணத்தில் பயணம் மட்டும், தேதி வாரியாக, மூலை மடங்காமல், ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் கடைப் பெயர். இருபது காலாண்டாக எதையாவது எதிலாவது குழப்பி அனுப்பிய அதே மனுஷன். ஒரு கிராம் கல்லை விரலால் தொடாத கை, மருந்துக் கடை ரசீதைத் தெரியாமலா பயணக் கவரில் போட்டிருக்கும்? என் மரமண்டைக்கு அப்போதுதான் ஏறியது. அவளிடமிருந்து கேள்வி வர வேண்டும் என்று வேண்டுமென்றே குழப்பியிருக்கிறார். அவளும் தெரிந்த பதிலையே கேட்டிருக்கிறாள். இருவருக்கும் நடுவில் இப்போது நான் ஒருத்தி, கறார்ப் பேர்வழி.

இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கணக்கை அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, நான் பூட்டைத் திறக்கும்போதே படியில் நின்றிருந்தார். கையில் பெட்டி இல்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“கணக்கு அனுப்பிட்டீங்களா?”

“அப்பவே அனுப்பிட்டேன் சார்.”

“சந்தேகம் எதுவும்…”

“எப்படி வரும்? எல்லாத்தையும் அளந்து இல்ல வச்சிருக்கீங்க.”

“உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான்” என்றார். “நேத்து பத்து மணிக்கு போன் பக்கத்துல உக்காந்திருந்தேன். வராதுன்னு தெரியும். தெரிஞ்சும் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கல.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று கேட்காதீர்கள், அவர்மேல், அவள்மேல், விதி போட்டவன்மேல், என்மேல். பீரோவைத் திறந்து இருபது நோட்டையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவள் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்டாள். காட்டாதீர்கள் என்று கேட்கவில்லை.

“இது உங்க சொத்து சார். ஏழு வருஷம் நீங்கதான் பத்திரமா வச்சிருக்கணும். எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு நோட்லயும் கடைசி ரெண்டு பக்கத்துத் தேதியைச் சரிபாத்துக் கையெழுத்துப் போடுங்க.”

அப்படி ஒரு கையெழுத்து எந்த விதியிலும் இல்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் நோட்டில் இரண்டு தேதியையும் பார்த்தார். முள் நிற்கக் காத்திருக்கிறவர் மாதிரி அசையாமல் பார்த்தார். இரண்டாவது நோட்டு, மூன்றாவது நோட்டு. ஒன்றையும் தாண்டாமல் இருபதையும் பார்த்தார். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு நோட்டில் விரலை வைத்து, “இந்தத் தடவை போன் மூணு வாரம் தள்ளி வந்துது. அந்த மூணு வாரமும் நான் எந்தக் கடைக்கும் போகல மேடம்” என்றார்.

“ஏன் லேட்டுன்னு கேட்டீங்களா?”

“இல்ல. வந்துடுச்சேன்னு இருந்துட்டேன்.”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அது அவள் வாயால் வர வேண்டியது.

“எல்லாம் அனுப்பின பிறகுதான் கேட்டிருக்காங்க” என்றார். “அனுப்பிட்டா அப்புறம் எதுக்குக் கேக்கணும்?”

“அதை ஏன் என்கிட்ட கேக்கறீங்க?”

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டே இருந்தார். “நானா கூப்பிட்டதே இல்ல. என்னன்னு கூப்பிடறது? பில் எதுவும் இல்லையே.”

“நம்பரைப் போடுங்க சார். இதுக்கும் ஒரு ஏஜென்ட் வேணுமா?”

போட்டார். மணி அடிப்பது எனக்கே கேட்டது. எடுத்துவிட்டாள்.

“நான்தான்” என்றார். “இல்ல, கவர் எல்லாம் சரியா இருக்கு… அனுப்பியாச்சு, ரெண்டு வாரம் ஆச்சு… இல்ல, கடுதாசி எதுவும் வரல… உடம்பு நல்லாத்தான் இருக்கு… அந்த மேடமா, நல்லவங்கதான், கொஞ்சம் கத்துவாங்க…”

பிறகு அவள் ஏதோ கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

“சும்மாதான்” என்றார். “சும்மாதான் கூப்பிட்டேன்.”

அந்தப் பக்கத்தில் என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் நின்றேன். என் ஆபீஸில் அவர், படியில் நான். சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷத்தோடு வேறு என்னவோவும் இருந்தது.

என் போனை எடுத்துப் பார்த்தேன். நானூறு நம்பருக்கு மேல் இருக்கிறது, எல்லாரும் கணக்குக் கொடுக்கிறவர்கள். கடைசியில் என் தம்பி. அவனும் வருஷத்துக்கு ஒருமுறை தன் வரிக்காகத்தான் கூப்பிடுவான். நானாகக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று ஞாபகம் இல்லை. அழுத்திவிட்டேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். “என்னக்கா, இந்த நேரத்துல? ஏதாவது நோட்டீஸ் வந்திருக்கா?” குரலில் பயம்.

அதெல்லாம் இல்லடா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

“ஆமாடா” என்றேன். “உன் பில்லு ஒண்ணுல ஒரு சந்தேகம்.”